தங்கக்கையும் பதினோரு முதுகுவலிகளும்

டெய்லரம்மா அந்த மருத்துவமனைக்கு எட்டுப் புகார்க் கடிதங்கள் எழுதினாள். ஏழுக்குப் பதில் இல்லை. எட்டாவதற்கு வந்த பதிலில், அவளுடைய புகார் ஆழ்ந்த அக்கறையோடு பரிசீலிக்கப்பட்டதாகவும், அதன் பயனாக அவளையே 'தொடைத் தமனிப் பாதுகாப்பு நுழைவு உயர்நிலைக் குழு'வின் உறுப்பினராக நியமித்திருப்பதாகவும் எழுதியிருந்தது. அவள் மூன்று முறை படித்தாள். மன்னிப்பு எங்கேயாவது ஒளிந்திருக்கிறதா என்று காகிதத்தைத் திருப்பியும் பார்த்தாள். பின்பக்கம், மரங்களைக் காக்கக் காகிதத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்துமாறு ஒரு வேண்டுகோள்தான் இருந்தது.

"என்னங்க, என்னைக் குழுல சேர்த்துட்டாங்களாம்."

"குழியிலயா?" என்றார் கட்டிலில் இருந்த கணவர். "என்னைத்தானே அங்க தள்ளப் பார்த்தாங்க."

அவர் பெயின்டர். இருபத்தாறு வருஷம் கயிற்றில் தொங்கிக்கொண்டு உயரமான கட்டடங்களுக்கு வெள்ளையடித்தவர். புகைபிடித்துப் புகைபிடித்து வலது கால் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. ஐம்பது அடி நடந்தால் கெண்டைக்கால் கல்லாய் இறுகிவிடும். இடது தொடையில் குண்டூசித் துளை ஒன்று போட்டு, அது வழியாகக் கம்பியை விட்டு, வயிற்றுக்குள் வளைத்து வலது காலுக்கு இறக்கி அடைப்பை எடுத்துவிடலாம், மறுநாளே வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அடைப்பை எடுத்தார்கள். ஆனால் அன்று சாயங்காலமே அவருக்கு முதுகு வலித்தது. வாயு என்றார்கள். வேர்த்தது. ஃபேனைக் கூட்டினார்கள். கண் செருகியபோது வார்டு சிஸ்டர் ஒருத்தி கத்தி ஊரைக் கூட்டியதால்தான் ஆபரேஷன் தியேட்டருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். துளை போட வேண்டிய இடத்துக்கு மேலே போட்டிருந்தார்கள். ரத்தம் வெளியே வராமல் வயிற்றின் பின்பக்கத்தில் போய்த் தேங்கியிருந்தது. உயிர் பிழைத்தது. தேங்கிய ரத்தம் நரம்பை நசுக்கிவிட்டதால் இடது முழங்கால் மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் மடங்கும். வலது காலைக் காட்டப் போனவர் இடது காலைக் கொடுத்துவிட்டு வந்தார். ஏணியில் இரண்டாவது படிகூட அவருக்கு இனிமேல் இல்லை. மூன்றாவது மாடி வீட்டிலிருந்து கீழே இறங்குவதே இல்லை.

துளை போட்டவர் தலைமை மருத்துவர். ஊருக்கு அவர் தங்கக்கை டாக்டர். ஸ்கேன், படம் எதுவும் பார்க்காமல், இரண்டு விரலால் நாடியைத் தடவி, கண்ணை மூடிக் குத்துவார் என்பது அந்தப் பெயருக்குக் காரணம். பெயரை வைத்தது யார் என்று விசாரித்தால், ஒரு பாராட்டு விழாவில் அவரே சொல்லிக்கொண்டதாகத் தெரிகிறது.

முதல் கூட்டத்துக்கு டெய்லரம்மா இஸ்திரி போட்ட புடவையில் போனாள். நிர்வாக அதிகாரி வாசலுக்கே வந்து வரவேற்றார்.

"வாங்கம்மா. தரச்சான்றிதழ் விதிப்படி நோயாளிகள் தரப்புல ஒருத்தர் இருக்கணும். ஃபைல்ல பார்த்தா விடாம எழுதினது நீங்க ஒருத்தர்தான்."

"என் புகார் என்னாச்சு சார்?"

"அதான் நீங்க இப்ப உறுப்பினராயிட்டீங்களே. உறுப்பினர் புகார் உள்விவகாரம். உள்விவகாரத்துக்கு நாங்க பதில் போடுற வழக்கமில்ல."

கூட்டம் உறுதிமொழியோடு தொடங்கியது. பதினான்கு பேர் எழுந்து நின்று, வலது கையின் இரண்டு விரல்களைத் தங்கள் தங்கள் தொடையிடுக்கில் வைத்துக்கொண்டு, "பாதுகாப்பே என் நாடி, நாடியே என் பாதுகாப்பு" என்று ஒரே குரலில் சொன்னார்கள். டெய்லரம்மா திகைத்து நிற்பதைப் பார்த்த நிர்வாக அதிகாரி, பெண் உறுப்பினர்கள் மணிக்கட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு திருத்தம் நிறைவேறியிருப்பதாகக் காதோடு சொன்னார். அந்தத் திருத்தத்துக்கு நான்கு கூட்டங்கள் ஆனதாம்.

அடுத்து, குழுவின் பெயரில் 'நுழைவு' என்று இருக்கலாமா, 'அணுகல்' என்று மாற்ற வேண்டுமா என்ற விவாதம். நுழைவு என்றால் திருடன் நுழைவது போல இருக்கிறது என்றார் ஒருவர். அணுகினால் மட்டும் போதுமா, உள்ளே போக வேண்டாமா என்றார் இன்னொருவர். ஒன்றேகால் மணி நேரம் கழித்து, இதை ஆராயத் துணைக்குழு ஒன்று அமைத்தார்கள்.

மூலையில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருந்தது. உள்ளே புத்தம் புதிய ஸ்கேன் மெஷின். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.

"இது எதுக்கு சார்?"

"ரத்தக்குழாயைக் கண்ணால பார்த்துக் குத்துறதுக்கு. நம்ம குழுவோட பெரிய சாதனை இது. போன வருஷம் வாங்கினோம்."

"பெட்டிக்குள்ள இருக்கே?"

"வெளிய எடுத்தா கீறல் விழும்மா. ஆய்வுக்கு வர்றவங்க முன்னாடி பழைய மெஷினையா காட்ட முடியும்?"

பிறகு தங்கக்கை ஆண்டறிக்கை வாசித்தார். சென்ற ஆண்டு தொடைத் தமனி வழியாகச் செய்த சிகிச்சைகள் அறுநூற்றுப் பன்னிரண்டு. ரத்தக்கசிவு சைபர். எல்லோரும் கைதட்டினார்கள். டெய்லரம்மாவின் கை மட்டும் மடியிலேயே இருந்தது.

"எப்படி சார் சைபர்? என் வீட்டுக்காரருக்கு எட்டு பாட்டில் ரத்தம் ஏத்தினாங்களே."

தங்கக்கை கோபப்படவில்லை. நன்றாகப் பேசத் தெரிந்தவர் அவர்.

"நல்ல கேள்விம்மா. எல்லாம் வரையறையிலதான் இருக்கு. துளை போட்ட அரை மணி நேரத்துல, துளை போடுற கேத் லேப் ரூம் தரையில, கண்ணுக்குத் தெரியற மாதிரி விழுந்தாத்தான் கசிவு. உள்ள கசிஞ்சா நமக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எழுதுறது அறிவியலுக்கே விரோதம்."

"அப்ப அவருக்கு வந்தது என்ன?"

நிர்வாக அதிகாரி ஒரு பதிவேட்டைப் புரட்டி நீட்டினார். 'பிற துறை சார்ந்த நிகழ்வுகள்' என்று தலைப்பு. அதன் கீழே பதினோரு பெயர்கள். பதினோரு பேருக்கும் ஒரே வியாதி, முதுகுவலி. ஏழாவது பெயர் அவள் கணவருடையது. பக்கத்தில், 'காரணம்: நோயாளியின் தொழில். அடிக்கடி ஏணி ஏறும் பழக்கம் உடையவர்' என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. அன்றுவரை டெய்லரம்மாவுக்கு வேண்டியிருந்தது ஒரு மன்னிப்பு. ஏணி என்ற சொல்லைப் படித்த நொடியில் அந்த ஆசை விட்டுப்போயிற்று. இந்தத் தங்கக்கையை நாலு பேர் பார்க்க அவிழ்த்து நிறுத்த வேண்டும் என்று தோன்றியது. பதினோரு பெயர்களையும் விலாசங்களையும் தன் அளவு நோட்டில் எழுதிக்கொண்டாள். ஆர்வமுள்ள உறுப்பினர் என்று அதையும் கூட்டக் குறிப்பில் சேர்த்துக்கொண்டார்கள்.

மூன்றாவது கூட்டத்தில் அவளுக்கு ஒரு பொறுப்பு கிடைத்தது. தரச்சான்றிதழ் ஆய்வு நாளில் குழுவினர் அணியச் சிவப்புப் பட்டி வைத்த கோட்டுகள் தைத்துத் தர வேண்டும். நோயாளிகளின் பங்களிப்பு என்று அதற்குப் பெயர். அளவெடுக்கப் போனபோது தங்கக்கை கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். தொப்பை பெல்ட்டுக்கு மேலே வழிந்து, அதன் மடிப்பு தொடைவரை இறங்கியிருந்தது.

"சார், எந்த இடம்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"தொடைக்கும் வயித்துக்கும் நடுவுல ஒரு மடிப்பு இருக்கில்ல? அதான் கணக்கு. மிச்சத்தை விரல் சொல்லும். முப்பது வருஷ விரல்ம்மா. மெஷின் நேத்து வந்தது."

டெய்லரம்மா டேப்பைச் சுருட்டினாள். இருபது வருஷமாக ஆண்களுக்குப் பேன்ட் தைக்கிறவள் அவள். மடிப்பை நம்பி அளவெடுத்தால் குண்டானவருக்கு ஒரு பேன்ட்டும் ஒல்லியானவருக்கு ஒரு பேன்ட்டும் பாழாகும் என்பது அவளுக்குத் தொழில் தொடங்கிய முதல் மாதமே தெரிந்த சங்கதி. தொப்பை சரியச் சரிய மடிப்பும் கீழே இறங்கும். எலும்பு இருந்த இடத்திலேயேதான் இருக்கும்.

துணிகள் அடுக்கிவைக்கும் அறையில், அன்று கத்தி ஊரைக் கூட்டிய சிஸ்டரைப் பிடித்தாள்.

"ஏன் சிஸ்டர், மேல குத்தினா மட்டும் ஏன் அப்படி ஆவுது?"

சிஸ்டர் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"குழாய்க்கு அடியில தொடை எலும்போட தலை இருக்கும்மா, உருண்டையா. அதுக்கு நேர் மேல குத்தினா, அப்புறம் எலும்போட வெச்சு அமுக்கினா ரத்தம் நின்னுடும். அதுக்கு மேல போயிட்டா அடியில எலும்பு இல்ல. எவ்வளவு அமுக்கினாலும் நிக்காது. ரொம்பக் கீழ வந்தாலும் வம்பு, அங்க குழாய் ரெண்டாப் பிரிஞ்சிருக்கும்."

"அடியில பலகை இல்லாம துணியில கோடு போடற மாதிரி."

"அதேதாம்மா."

"ஸ்கேன்ல தெரியுமா?"

"எலும்பு தெரியும், குழாய் தெரியும், பிரியற இடம் தெரியும், ஊசி முனைகூடத் தெரியும். மெல்லிசு ஊசியா முதல்ல போட்டு, எக்ஸ்ரேல ஒருதடவை இடத்தைச் சரிபார்த்துக்கிட்டா இன்னும் நல்லது. இதையெல்லாம் நான் சொன்னதுக்குத்தான் என்னைக் கேத் லேப்லேருந்து வார்டுக்கு மாத்தினாங்க."

"உங்களுக்கு அந்த மெஷினை ஓட்டத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும். ஆனா கண்ணாடிப் பெட்டிக்கு வெளியிலேருந்து எப்படிம்மா ஓட்டுறது?"

ஆய்வு நாள் வந்தது. வெளியிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். தலைவி ஒல்லியான ஒரு டாக்டரம்மா. எதற்கும் தலையாட்டாமல் எழுதிக்கொண்டே இருந்தார். அரங்கம் முழுக்க ஆட்கள். மேடையில் 'தங்கத் தரம் நோக்கி' என்று பெரிய பேனர். தங்கக்கை சிவப்புப் பட்டிக் கோட்டில் நாற்பது நிமிடம் பேசினார். பாதுகாப்பு என்பது கருவியில் இல்லை, கலாசாரத்தில் இருக்கிறது என்றார். அறுநூற்றுப் பன்னிரண்டு என்றார், சைபர் என்றார். தன் இரண்டு விரல்களை உயர்த்திக் காட்டியபோது புகைப்படக்காரர் ஓடிவந்தார்.

பதினேழாவது நிகழ்ச்சி, நோயாளிகள் தரப்பு நன்றியுரை, இரண்டு நிமிடம். டெய்லரம்மா மைக்கின் முன் வந்து நின்றாள்.

"எனக்குப் பேசத் தெரியாதுங்க. டாக்டர் விரலைப் பத்தி எல்லாரும் சொல்றாங்க. வெளியூர்லேருந்து வந்தவங்க அதைக் கண்ணால பார்க்காமப் போனா நமக்குத்தான் குறை. ஊசி வேண்டாம். டாக்டர் மார்க்கர் பேனாவால இடத்தைக் குறிச்சாப் போதும். பத்துப் பேரை ரெடி பண்ணி வெச்சிருக்கேன். பக்கத்துல நாடா வெச்ச அரைக்கால் சட்டை நானே தைச்சேன். மானம் மரியாதைக்கு ஒண்ணும் வராது."

தங்கக்கையின் முகம் மலர்ந்தது. "பத்து என்னம்மா, நூறு பேரைக் கொண்டு வாங்க!"

திரைக்குப் பின்னாலிருந்து வரிசையாக வந்தார்கள். இரண்டு வார்டு ஊழியர்கள், ஒரு ஆம்புலன்ஸ் டிரைவர், கேன்டீன்காரர், தோட்டக்காரர், லிஃப்ட்காரர், இப்படி ஒன்பது பேர். குண்டும் ஒல்லியும் நெட்டையும் குட்டையுமாகப் பொறுக்கியிருந்தாள். பத்தாவது ஆளுக்கு இடம் காலியாக இருந்தது. நிர்வாக அதிகாரி முன்னுதாரணமாக இருக்க வேண்டும் என்று டெய்லரம்மா மைக்கிலேயே கேட்டுக்கொள்ள, கைதட்டலுக்கு நடுவில் அவரால் மறுக்க முடியவில்லை. பத்துப் பேரும் மேடையில் போட்டிருந்த ஸ்ட்ரெச்சர்களில் படுத்தார்கள். தங்கக்கை கண்ணை மூடி, இரண்டு விரலால் தடவி, பேனாவால் ஒவ்வொரு புள்ளியாக வைத்துக்கொண்டே போனார். பத்துப் பேருக்கும் சேர்த்து மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. அரங்கம் அதிர்ந்தது.

"ரொம்ப நன்றிங்க டாக்டர்," என்றாள் டெய்லரம்மா. "இப்ப அந்தக் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தா, மெஷினும் உங்க விரல் சொன்னதையே சொல்லுதான்னு பார்த்துடலாம். மெஷின் தோத்துப்போறதையும் எல்லாரும் பார்க்கட்டும்."

சாவி துணைக்குழுவிடம் இருப்பதாகப் படுத்தபடியே நிர்வாக அதிகாரி சொன்னார். தலைவி அன்று முதல்முறையாக வாய் திறந்தார்.

"பெட்டியை உடைங்க. இல்லன்னா சாவியைக் கொண்டு வாங்க. ரெண்டுல எது சீக்கிரமோ அது."

சாவி நிர்வாக அதிகாரியின் சட்டைப்பையிலேயே இருந்தது.

சிஸ்டர் மெஷினை உருட்டிக்கொண்டு வந்தாள். திரையில் படம் பெரிதாகத் தெரிந்தது. ஒல்லியான லிஃப்ட்காரரிடம் புள்ளி எலும்புத் தலைக்கு நேராக இருந்தது. "சரி," என்றாள். தங்கக்கை தலையைச் சாய்த்துப் பாராட்டை ஏற்றுக்கொண்டார். அடுத்தவர் கேன்டீன்காரர். "கீழே. குழாய் பிரிஞ்ச பிறகு." அதற்கடுத்தவர், "கீழே." டிரைவர், "மேலே. எலும்பே இல்லாத இடம்." தோட்டக்காரர், "மேலே." கைதட்டியவர்கள் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் விழித்தார்கள். ஒன்பது பேர் முடிந்தபோது சரியான புள்ளி இரண்டு, மேலே மூன்று, கீழே நான்கு. பத்தாவது நிர்வாக அதிகாரி.

"மேலே. நல்லா மேலே."

அவர் தலையை நிமிர்த்தித் திரையைப் பார்த்தார். "இங்க குத்தினா என்ன ஆகும் சிஸ்டர்?"

"உங்களுக்கு முதுகுவலி வரும் சார்."

அரங்கத்தில் யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு யாராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. நிர்வாக அதிகாரி மட்டும் வெளிறிப்போய், "அடுத்த மாசம் எனக்கே ஆஞ்சியோ இருக்கே!" என்றார்.

தலைவி நிமிர்ந்தார். "எங்க பண்ணிக்கப் போறீங்க?"

"பக்கத்து ஊர்ல மேடம்."

"இங்க பண்ணிக்கலையா?"

"அங்க ஸ்கேன் பார்த்துக் குத்துவாங்க மேடம்," என்று சொன்ன பிறகுதான், மைக் தன் தலைமாட்டில் இருப்பதை அவர் கவனித்தார்.

தங்கக்கை மேடையின் நடுவில் தனியாக நின்றார். கோட்டின் சிவப்புப் பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ஒரு விளக்கம். நான் குறிச்ச இடமெல்லாம் சரியான இடம்தான். இவங்க ரத்தக்குழாய்தான் இருக்க வேண்டிய இடத்துல இல்ல. இதுக்கு மருத்துவமனை பொறுப்பேற்க முடியாது."

தலைவி அதையும் அப்படியே எழுதிக்கொண்டார். பிறகு பதிவேட்டைக் கேட்டார். 'பிற துறை சார்ந்த நிகழ்வுகள்' பக்கத்தை நெடுநேரம் படித்தார். "பதினோரு முதுகுவலி," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

தங்கத் தரம் கிடைக்கவில்லை. வெள்ளி, வெண்கலம் எதுவும் கிடைக்கவில்லை. கேத் லேப்பை மூடி முத்திரை வைத்துவிட்டுப் போனார்கள். இரண்டு மாதம் கழித்துத் திறந்தபோது, ஸ்கேன் இல்லாமல் யாரும் ஊசியைத் தொடக் கூடாது என்று சுவரில் எழுதியிருந்தது. சிஸ்டர் பழைய இடத்துக்குத் திரும்பினாள். தங்கக்கை மறுபடி ஊசி பிடிக்க வேண்டுமானால் அவளிடம் ஸ்கேன் படிக்க வேண்டும், அதற்கு முன் பதினோரு பேருக்கும் நடந்த உண்மையைத் தெரிவிக்க வேண்டும் என்று உத்தரவு. பதிவுத் தபாலில் அனுப்பிவிடலாம் என்றார் அவர்.

"தபால் வேண்டாம் டாக்டர்," என்றாள் டெய்லரம்மா. "நேர்ல வாங்க. விலாசமெல்லாம் என்கிட்ட இருக்கு. நான் கூட வரேன்."

முதலில் தன் வீட்டுக்கே கூட்டிப்போனாள். மூன்று மாடி ஏறுவதற்குள் அவர் இரண்டு இடத்தில் நின்றார். பெயின்டர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார். துளை தவறான இடத்தில் போடப்பட்டது, ரத்தக்கசிவு முதுகுவலி என்று மறைக்கப்பட்டது, இதற்கு நானே பொறுப்பு என்று காகிதத்தில் எழுதிவந்த மூன்று வரியைத் தங்கக்கை படித்தார். படித்து முடித்ததும் பெயின்டர் சொன்னார்:

"ஏணியைப் பத்தி ஒண்ணும் வரலையே டாக்டர். அதுக்குத்தானே பழி போட்டீங்க?"

தங்கக்கை பேனாவை எடுத்து, ஏணிக்குச் சம்பந்தமில்லை என்று நான்காவது வரி எழுதி, மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"பார்த்து இறங்குங்க," என்றார் பெயின்டர். "எனக்கு அந்தக் கவலை இல்ல. நான் இறங்குறதே இல்ல."

அடுத்த எட்டு நாளில் ஒன்பது வீடுகள் முடிந்தன. ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் ஒரு கிழவர் காது கேட்காமல் ஆறு முறை படிக்கச் சொன்னார். டெய்லரம்மா ஒவ்வொரு பெயராக நோட்டில் அடித்துக்கொண்டே வந்தாள். அவளுக்கு அலுக்கவில்லை.

பதினோராவது விலாசம் சைக்கிள் ரிப்பேர் கடைக்குப் பின்னால் ஒரு ஒற்றை அறை. இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி கதவைத் திறந்தாள். தங்கக்கை பெயரைச் சொல்லிக் கேட்டார்.

"அப்பா இல்லைங்க. போய் ஒரு வருஷம் ஆச்சு."

தங்கக்கை காகிதத்தை மடித்தார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. "அப்படியா, ரொம்ப வருத்தம். சரி, நாம கிளம்பலாம்."

"முதுகுவலிதாங்க," என்றாள் அந்தப் பெண், யாரும் கேட்காமலே. "கால்ல அடைப்பு எடுத்து அனுப்பினாங்க. வந்ததிலேருந்து முதுகு முதுகுன்னார். ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணினேன், தைலம் தேய்ங்கன்னாங்க. ரெண்டு நாளும் நான்தான் தேய்ச்சேன். அழுத்தித் தேய்ம்மான்னார். எனக்குத்தான் கை வலிச்சுது, பாதியில விட்டுட்டேன். இன்னும் கொஞ்சம் தேய்ச்சிருந்தா…"

டெய்லரம்மா நோட்டை மூடினாள். "மடிச்சதைப் பிரிங்க டாக்டர்."

"அவர்தான் இல்லையேம்மா. யாருக்குப் படிக்கிறது?"

அறையில் ஒரே ஒரு நாற்காலி இருந்தது. தங்கக்கை அதன் முதுகைப் பிடித்தார். டெய்லரம்மா அவர் கையிலிருந்து அதை இழுத்து அந்தப் பெண்ணுக்குப் போட்டாள். தோளைத் தொட்டு உட்காரவைத்தாள்.

"இந்தப் பொண்ணுக்கு. நின்னுக்கிட்டே படிங்க. ஒவ்வொரு எழுத்தா."